ஆப்பிள் வைக்கக் கூடாத தட்டு

நாலு வெங்காயத்தை உரித்துவிட்டு ஐந்தாவதைச் சரசு கையில் எடுத்தபோதுதான் கஜந்தி அதைக் கவனித்தாள்.

"என்ன வெங்காயம்க்கா இது? கண்ணே எரியல."

"ஐயோ, அது வெங்காயம் இல்லை. வை, வை! அவரின்ர பூக்கிழங்கு."

முந்தின நாள் காலை, தேநீர் குடிக்கக்கூட இல்லை, கஜந்தியின் கணவர் பத்மநாதன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். உடலை யாழ்ப்பாணம் கொண்டுபோகும் தாள்களுக்காக மகன் நிருபன் குவைத் முழுக்க அலைந்துகொண்டிருந்தான். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாதென்று மாடி வீட்டுச் சரசு, பரமக்குடிக்காரி, தன் வீட்டில் சமைத்துக் கொண்டுவந்தாள். வெங்காயம் தீர்ந்துபோய் இங்கே கஜந்தியின் ஃபிரிட்ஜைத் திறந்திருக்கிறாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

குரோக்கஸ் என்று பெயர். நோர்வேயிலிருந்து மகள் மேனுஜா அனுப்பியவை. பனி உருகும்போது முதலில் எட்டிப் பார்க்கும் பூவாம். அதைக் குவைத்தின் மங்காஃபில் பூக்கவைக்கப் போகிறேன் என்று மனுஷன் ஒற்றைக்காலில் நின்றார். நடுவதற்கு முன் பன்னிரண்டு வாரம் குளிரில் கிடக்க வேண்டுமாம். அதோடு காய்கறித் தட்டு பறிபோனது. கத்தரிக்காய் வைக்க இடமில்லை என்று கஜந்தி வாய் ஓயாமல் சண்டை பிடித்தாள்.

போன வருடம் வெறும் இலைதான் வந்தது.

"எங்கை உங்கட பூ? புல்லெல்லோ வந்திருக்கு!" என்று அவள் கேலி செய்தாள்.

பிறகு அவர் எங்கோ படித்துவிட்டு வந்தார். பக்கத்தில் ஆப்பிள் இருந்தால் உள்ளே இருக்கும் மொட்டு செத்துவிடுமாம்.

"நாங்கள் ஆப்பிள் வைக்கேல்லைத்தானே, கஜந்தி?"

"நான் ஏன் வைக்கிறன்?"

வைத்திருந்தாள். இடம் போன கோபத்தில், ஆறு ஆப்பிள், அதே தட்டில். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. இந்த வருடம் பூத்தபின் சிரித்துக்கொண்டே உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவள் நினைத்திருந்தாள்.

கஜந்தி எழுந்துபோய் ஃபிரிட்ஜைத் திறந்தாள். துக்கம் கேட்க வந்தவர்கள் கொண்டுவந்த ஆப்பிள்களை யாரோ பைபையாக அந்தத் தட்டில் அடைத்திருந்தார்கள். நேற்றிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது.

"என்னக்கா, என்னாச்சு?"

"இந்த ஆப்பிள் எல்லாத்தையும் நீ கொண்டுபோ, சரசு. ஒண்டும் விடாதை."

உரித்த நாலையும் சேர்த்துக் கிழங்குகளைத் தாள்பையில் போட்டு உள்ளே வைத்தாள். ஃபிரிட்ஜ் கதவில் நாட்காட்டி தொங்கியது. கிழங்கு குளிரில் கிடக்கும் கணக்குக்காக, தினமும் தேநீரும் கையுமாக வந்து அவர் ஒரு நாளைப் பேனாவால் வெட்டுவார். நாற்பத்தெட்டு நாள் வெட்டியிருந்தார். நேற்றையது வெட்டாமல் கிடந்தது.

"அவரின்ர முப்பத்தோராம் நாள் காரியம் ஊரில முடிஞ்சபிறகுதான் நான் வருவன். அதுவரைக்கும் நீ தினம் ஒண்டு வெட்டிவிடு."

"சரிக்கா."

நேற்றைய நாளை அவளே வெட்டினாள். பிறகு பேனாவைச் சரசுவிடம் கொடுத்தாள்.