ஐந்தாவது உரிமையாளர்

எதிர்வீட்டு சபரிநாதனின் கராஜில் இருந்த லான்சியா காருக்கு வயது அறுபத்திரண்டு. சபரிக்கு ஐம்பத்தொன்று. இருவரில் யாருக்குக் கவனிப்பு அதிகம் என்று அமெரிக்காவில், வெஸ்ட் வின்ட்சரில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்த இத்தாலிய வண்டி சட்டப்படி அவருடையதே இல்லை. வாங்கும்போது ஈரோட்டு ஜோசியர் வீடியோ காலில் வந்து, உங்கள் ஜாதகத்தில் வாகன ஸ்தானம் சரியில்லை, மனைவி பேரில் எடுங்கள் என்றுவிட்டார். டைட்டிலில், அதாவது உரிமைப் பத்திரத்தில், மனைவி எழிலரசியின் பெயர் ஏறியது. அவளுக்குக் கியர் வண்டி ஓட்டத் தெரியுமா என்று ஜோசியர் கேட்கவில்லை. சபரியும் கேட்கவில்லை. பூஜையன்று பொட்டு வைத்தாள், அதுவும் பெயின்ட் கெடாமல் இருக்க அவர் ஒட்டிக் கொடுத்த டேப்பின் மேல். அதோடு சரி.

ஐந்து வருடமாகச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வண்டி கிளம்பும், பதினொன்றுக்குத் திரும்பும். உள்ளே சபரி மட்டும். அந்த நேரத்தில் என் சமையலறை ஜன்னலில் எனக்கு எப்போதும் வேலை இருக்கும். எழிலின் மினிவேன் வெளியே நிற்கும். ஒவ்வொரு ஜனவரியும் அவள் அதன் கண்ணாடியில் பனி சுரண்டுவதும் அதே ஜன்னலில் தெரியும்.

இந்த ஜனவரியில் சபரிக்கு வேலை போனது. "அவருக்கு வேலை போயிடுச்சுக்கா" என்று, பால் தீர்ந்துவிட்டது என்பதுபோலத்தான் சொன்னாள். அடுத்த வேலை கிடைக்கும்வரை வீடு ஓட வேண்டுமென்றால் வண்டி போக வேண்டும். மார்ச்சில் ஒரு ஞாயிறு, அதை வாங்க பென்சில்வேனியாவிலிருந்து ஒரு பெரியவர் டிரெய்லரோடு வந்தார். எனக்கும் சரியாக அன்றுதான் எழிலின் மாவு டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது.

அவர் இன்ஜினைப் பார்ப்பதற்கு முன்னால் வண்டியின் ஃபைலைக் கேட்டார். மிலான் நகரத்துப் பல் டாக்டர், அவருடைய விதவை, வண்டியைக் கப்பலில் அமெரிக்கா கொண்டுவந்த ராணுவ அதிகாரி, ஒரு ஆப்பிள் தோட்டக்காரர் என்று முந்தைய உரிமையாளர்கள் நான்கு பேரும் வண்டியோடு இருந்த நாட்களைப் பற்றி ஆளுக்கொரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். வண்டி வேறிடத்திலும் கிடைக்கும், இந்தக் காகிதங்களுக்காகத்தான் வந்தேன் என்றார் அவர்.

ஐந்தாவது பக்கத்தை எழில் எழுதியதுபோல் சபரியே டைப் செய்து வைத்திருந்தார். இலையுதிர் காலத்தில் டெலவேர் ஆற்றோரம் ஓட்டிப் போனேன், பக்கத்தில் கணவர் தூங்கிவிட்டார், லாம்பர்ட்வில்லில் இருவரும் காஃபி குடித்தோம், எனக்குப் பிடித்தது மூன்றாவது கியர் என்று ஆங்கிலத்தில் அழகாகவே இருந்தது.

"ஒரு சைன் மட்டும் போடு, எழில்" என்று பேனாவை நீட்டினார்.

அவள் இரண்டு தடவை படித்தாள். "இதெல்லாம் எப்போங்க நடந்துச்சு?"

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. உன் பேர்லதானே இருக்கு."

"காஃபி நல்லா இருந்துச்சா?"

"இப்ப எதுக்கு இது? நீதான் எங்கயும் வரமாட்டே."

"நீங்க கேக்கவே இல்லைங்க."

குரலில் கோபம் இருக்கிறதா என்று நான் நன்றாகவே தேடினேன். இல்லை. சபரி பெரியவரைப் பார்த்துச் சிரித்தார். தமிழ் புரியாத அவரும் சிரித்து வைத்தார்.

எழில் அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டாள். திருப்பி, பின்பக்கம் தன் கையால் ஆங்கிலத்தில் எழுதினாள். 'ஐந்து வருடம் இது என் பேரில் இருந்தது. நான் இதில் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. இது கராஜில் இருந்ததால் என் வண்டி வெளியே பனியில் நின்றது.' கையெழுத்து, தேதி.

சபரி அங்கிருந்த பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்துவிட்டார். பெரியவர் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். மற்ற நான்கையும்விட இதை நம்பலாம் என்றார். பேசிய விலையில் ஒரு டாலர்கூடக் குறைக்கவில்லை. ஏற்றுவதற்கு முன்னால் ஒரு ரவுண்டு போகலாமா என்று எழிலுக்காகக் கதவைத் திறந்து பிடித்தார்.

அவள் அந்த இருக்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நோ, தேங்க்ஸ்" என்றாள்.

டிரெய்லர் தெருமுனை திரும்பியதும் மினிவேனைக் கராஜுக்குள் கொண்டுபோய் நிறுத்தினாள். சபரி பெயின்ட் டப்பாவோடு நகர்ந்து வழிவிட்டார்.

"பனிதான் முடிஞ்சிடுச்சே, எழில்" என்றேன்.

"தெரியும்க்கா" என்று என் கையிலிருந்த மாவு டப்பாவை வாங்கிக்கொண்டு, கதவை இறக்கும் பட்டனை அழுத்தினாள்.