ஒரிஜினல் கேட்ட கடிதம்

தனியார் பள்ளியில் வேலைக்குச் சேரும் அன்றைக்கே ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்கிப் பீரோவில் பூட்டிவிடுவார்கள். பாதியில் ஓடிவிடக் கூடாதாம். மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் நடத்தும் சோபனாவும் அப்படிக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொண்டவள்தான். இப்போது அரசு வேலைக்குத் தேர்வாகியிருக்கிறாள். திங்கட்கிழமை தருமபுரியில் சான்றிதழ் சரிபார்ப்பு. ஒரிஜினல் இல்லாமல் போனால் வேலை அவ்வளவுதான்.

தாளாளர் மாதவராஜிடம் கேட்டாள். "எதா இருந்தாலும் லெட்டரா குடுங்க டீச்சர்" என்றார். கொடுத்தாள். "என் பேருக்கு முன்னாடி உயர்திரு போடலீங்களே" என்றார். போட்டுக் கொடுத்தாள். "பசங்களுக்குப் பரீட்சை முடியட்டும், பாக்கலாம்" என்றார். அட, இவரெல்லாம் ஒரு மனுசனா! சோபனாவுக்கோ மேலிடத்துக்கு எழுதிப் போடவும் பயம்.

வெள்ளிக்கிழமை பத்தாம் வகுப்பில் அலுவலகக் கடிதப் பாடம். வருசா வருசம் நூலகம் வேண்டும், தெருவிளக்கு வேண்டும் என்றே எழுதச் சொல்லிச் சலித்திருந்தாள். சாக்பீஸை எடுத்தவளின் கை தானாக ஓடியது. அனுப்புநர், ஓர் ஆசிரியை. பெறுநர், கல்வி அலுவலர். பொருள், பள்ளி தர மறுக்கும் சான்றிதழ்களைப் பெற்றுத் தர வேண்டுதல். உள்ளே இருந்ததையெல்லாம் கொட்டி எழுதினாள்.

"எல்லாரும் எழுதி, வூட்ல கையெழுத்து வாங்கிட்டு வாங்க" என்றாள். வீட்டுப்பாடத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்பது மாதவராஜ் போட்ட சட்டம். முதல் பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த காவியா அவருடைய மகள்.

மறுநாள் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ். வந்ததும் வராததுமாகத் தாளாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். சோபனாவுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம். துரத்தட்டும். துரத்துகிறவர் சர்டிபிகேட்டையும் மூஞ்சியில் விட்டெறிந்துதானே ஆகவேண்டும்?

மேசைமேல் காவியாவின் நோட்டு விரிந்திருந்தது. மாதவராஜ் சிரித்தார்.

"என்னைத்தான் எழுதியிருக்கீங்கன்னு தெரியாம இல்லீங்க டீச்சர். ஆனா பாருங்க, இந்தப் புள்ள போன வருசம் நாலு வரி சேந்தாப்ல எழுதாது. நேத்து ஒரு தப்பில்லாம எழுதிட்டு, 'பாவம்பா அந்த டீச்சர்'னு அழுவுது. இப்படிச் சொல்லித்தர்றவங்கள எந்த மடையனாச்சும் வுடுவானா?"

"சார், எனக்கு இந்த கவர்மென்ட் வேலைய வுட்டா வேற வழியில்லீங்க சார்" என்றாள்.

அவர் பேனாவைத் திறந்து, கடிதத்தின் கீழே பெற்றோர் கையெழுத்தை நிதானமாகப் போட்டு, நோட்டை அவள் பக்கம் தள்ளினார்.

"அடுத்த வருசமும் பத்தாவது உங்களுக்குத்தாங்க."