கீபோர்டில் கோளாறு இல்லை

ஒரகடத்தில் கார் இருக்கைக்கு உறை தைக்கும் கம்பெனி எங்களுடையது. 2013இல், செலவு மிச்சம் என்று தையல் லைன் கம்ப்யூட்டர்களையெல்லாம் லினக்ஸுக்கு மாற்றினார்கள். லேபிள் அச்சடிக்கும் மென்பொருளை ஏற்றக் கறுப்புத் திரையில் பதினான்கு வரி அடிக்க வேண்டும். அந்த வரிகள் சிஸ்டம் பார்க்கும் ரகுபதிக்கு மட்டுமே தெரியும். சந்தையில் ஒரே தராசு வைத்திருப்பவனின் மிதப்பு அவனுக்கு.

அந்தத் திரையில் பாஸ்வேர்டு அடித்தால் எழுத்தும் தெரியாது, புள்ளியும் தெரியாது. அதைச் சொல்லாமல், கீபோர்டு செத்துப்போச்சு என்று லைன் ஆட்களை ஸ்டோர்ஸுக்கு விரட்டுவான். ஸ்டோர்ஸ் நான்தான். ஒரே வாரத்தில் மூன்று கீபோர்டு கொடுத்தேன். செத்ததாகத் திரும்பி வந்த மூன்றும் சுகமாகவே இருந்தன.

நாங்குநேரியிலிருந்து தையல் பயிற்சிக்கு வந்த கனகலட்சுமி, அவன் முதுகுக்குப் பின்னால் நின்று பதினான்கு வரியையும் எழுதிக்கொண்டாள். எல்லாவற்றையும் திரையில் ஒரு சின்னப் படத்துக்குள் அடக்கினாள். படத்தைத் தட்டினால் தமிழில் ஒரு பெட்டி வரும், பாஸ்வேர்டு கேட்கும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

சிஸ்டத்தில் கை வைத்தவளை அனுப்பிவிடுங்கள் என்று ரகுபதி மேனேஜர் பகலவனிடம் போய் நின்றான். புதுக் கம்ப்யூட்டர் ஒன்றில் நடத்திக் காட்டட்டும், நடந்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் ஊருக்கு பஸ் என்று அவர் சொல்லிவிட்டார்.

"தைக்க வந்தது, சிஸ்டத்துக்கு வைத்தியம் பாக்குது," என்றான் ரகுபதி, லைனே கேட்கும்படி.

"நல்லா இருந்ததப் படுக்க வச்சது நீங்கதான சார்," என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை அவள் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. தரை துடைக்கும் செந்தாமரையை நாற்காலியில் உட்காரவைத்தாள். செந்தாமரை படத்தைத் தட்டினாள், பெட்டி வந்தது. பகலவன் தன் மேசையில் பூட்டிவைத்திருந்த சீட்டைப் பார்த்து பாஸ்வேர்டை அடித்தார்.

'பாஸ்வேர்டு தவறு. கீபோர்டில் கோளாறு இல்லை' என்றது பெட்டி.

மறுபடியும் அடித்தார். மறுபடியும் அதே பதில்.

"பாத்தீங்களா சார், இதான் இவ லட்சணம்," என்று ரகுபதி சிரித்தான்.

கறுப்புத் திரையிலும் அதையே அடித்துப் பார்க்கச் சொன்னாள் கனகலட்சுமி. அங்கேயும் ஏறவில்லை. பகலவன் மெதுவாகத் திரும்பி, பாஸ்வேர்டை எப்போது மாற்றினாய் என்று ரகுபதியைக் கேட்டார். காலையில்தான், பாதுகாப்புக்காக என்று இழுத்தான். புதியதைக் கனகலட்சுமியின் பெட்டியில் அவனையே அடிக்கச் சொன்னார். அடித்தான். ஒரு நிமிடத்தில் லேபிள் அச்சாகி வந்தது. அந்த லேபிளைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு, கனகலட்சுமியின் வேலை நிரந்தரத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

செந்தாமரை துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ரகுபதி பக்கம் திரும்பினாள்.

"இன்னா சார், மூஞ்சி செத்துப்போச்சு? ஸ்டோர் அண்ணன்கிட்ட மூணு கீபோர்டு சும்மாத்தான் கீது. மாத்திக்கிறியா?"