மூடிய கடலில் ஆயில்

கடலைப் பூட்டுவதுதான் என் வேலை என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். "சாவி என் தங்கச்சி கையில இருக்கு, மரியாதையாப் பேசுங்க" என்பான். அவன் சூரை மீன் பிடிக்கும் கப்பல் ஒன்றின் கேப்டன். நானோ மீன்பிடிக் கண்காணிப்பு மையத்தின் நான்காவது மாடியில், சன்னல் இல்லாத அறையில், ஒரு பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவள். கடலில் கால் நனைத்தே வருஷக்கணக்காகிறது.

திரையில் ஒவ்வொரு கப்பலும் ஒரு புள்ளி. கப்பலில் பொருத்திய கருவி தான் இருக்கும் இடத்தை வானத்துக்குச் சொல்லும், வானம் எங்களுக்குச் சொல்லும். எங்கோ ஒரு கடையில் யாரோ டப்பா மீன் வாங்குகிறார் என்றால் அது இந்தப் புள்ளிகளில் ஒன்றிலிருந்து கிளம்பியதுதான். எந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்று வெளியே மூச்சு விடக் கூடாது. அண்ணிக்கும் அது தெரியும். அதனால் தினமும் காலையில் போன் செய்து ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்: "புள்ளி நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு அண்ணி."

"சரி, வச்சிடறேன்."

அந்த வருஷம்தான் முதல் முறையாகக் கடலை மூடினார்கள். சூரை முட்டையிடும் இடம் அது. பல நாட்டுக்காரர்கள் ஒரு மண்டபத்தில் கூடி, மைக்கைப் பிடுங்காத குறையாகச் சண்டை போட்டு, கடைசியில் ஒரு வாக்கியம் எழுதினார்கள். இன்ன நாள் நண்பகல் முதல் இந்த எல்லைக்குள் எந்த மீன்பிடிக் கப்பலும் இருக்கக் கூடாது. மீறினால் உரிமம் போகும், பிடித்த மீனை எந்தத் துறைமுகமும் வாங்காது. எனக்குத் துளியும் நம்பிக்கையில்லை. தண்ணீரில் கோடு கிழித்து, அதற்குக் காவல் வேறா என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டுதான் அன்று வேலைக்குப் போனேன்.

ஆனால் காலையிலிருந்தே புள்ளிகள் நகர்ந்தன. ஒன்றை ஒன்று பார்த்திராத கப்பல்கள், ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் புரியாத மாலுமிகள், யாரும் துப்பாக்கி காட்டவில்லை. அத்தனை பேரும் ஒரு வாக்கியத்துக்குக் கட்டுப்பட்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு கப்பலுக்கும் எங்கள் அறையில் ஒரு சின்ன மணி அடிக்கும். மணி விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். மனுஷங்களால் இதெல்லாம்கூட முடியுமா என்று வாய்விட்டே சொன்னேன்.

நண்பகலானபோது மூடிய கடலுக்குள் ஒரே ஒரு புள்ளி மிச்சமிருந்தது. அது அண்ணனுடையது.

உறவுக்காரர் கப்பலில் நாங்கள் கை வைக்கக் கூடாது. அதனால் அண்ணன் கப்பலைப் பார்த்துக்கொள்வது பக்கத்து நாற்காலிக்காரர். எதைக் கேட்டாலும் விதி எண்ணோடு பதில் சொல்வார் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சட்டம். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மெதுவாப் போறான், திரும்பறான், மறுபடி அதே இடத்துக்கு வர்றான். வலை போடுறாங்கம்மா. பார்த்தாலே தெரியுதே."

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஊர் உலகமே அடங்கிப் போகும்போது என் அண்ணனுக்கு மட்டும் என்ன கொழுப்பு? உரிமம் போனால் அவனுக்கு மட்டுமா, கப்பலில் இருக்கும் எல்லோருக்கும் பிழைப்பு போகும். கையில் கிடைத்திருந்தால் நறுக்கென்று நாலு கேள்வி கேட்டிருப்பேன். கூப்பிட்டுப் பார்த்தார்கள். கப்பலின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.

அப்போதுதான் இன்னொரு கப்பலிலிருந்து செய்தி வந்தது. மண்டபத்தில் கடலை மூடவே கூடாது என்று கடைசி வரை மல்லுக்கு நின்ற நாட்டின் கப்பல் அது. கடைசியாகக் கோட்டைத் தாண்டிய கப்பலும் அதுதான். செய்தி இரண்டே வரி. 'பின்னால் உள்ள கப்பல் ரேடியோவில் ஆயில் ஆயில் என்று கத்துகிறது. வேறு எதுவும் புரியவில்லை.' கேட்டதை ஒலிப்பதிவாகவும் கூடவே அனுப்பியிருந்தார்கள்.

"நினைச்சேன்" என்றார் சட்டம். "நடுக்கடல்ல திருட்டுத்தனமா எண்ணெய் வாங்கப் பார்க்கறான். இது ரெண்டாவது குற்றம்."

ஒலிப்பதிவை ஓட விட்டார். காற்றிரைச்சல், எஞ்சின் சத்தம், நடுவில் தொண்டை கிழிய ஒரு குரல். "ஆலு! ஆலு! ஆலு!"

போன தடவை வீட்டுக்கு வந்தபோது சாப்பிட்டுக்கொண்டே அண்ணன் சொன்னது அப்படியே காதில் விழுந்தது. "நம்ம கப்பல்ல நாலு நாட்டுக்காரன் இருக்கான். ஒருத்தன் பேசறது இன்னொருத்தனுக்குப் புரியாது. அதனால மூணு வார்த்தை சொல்லிக் குடுத்திருக்கேன். வலை, இழு, ஆளு. யாராவது தண்ணியில விழுந்தா எல்லாரும் ஆளு ஆளுன்னு கத்தணும். பாவம், ஆலுன்னுதான் சொல்றானுங்க. நம்ம ளகரத்துக்கு அவங்க ஊர்ல விசா கிடைக்கல." அண்ணிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது, நான் அவள் தலையில் தட்டினேன்.

"சார், அது ஆயில் இல்ல" என்றேன். "ஆளு. கப்பல்லேர்ந்து யாரோ தண்ணியில விழுந்துட்டாங்க. அவங்க வலை போடல, தேடறாங்க!"

தேடுவதும் பிடிப்பதும் திரையில் ஒன்றுபோலவே இருக்கும். மெதுவாகப் போவது, திரும்புவது, அதே இடத்துக்கு வருவது. இத்தனை வருஷம் பார்த்தும் எனக்கு அது உறைத்ததில்லை.

மறுபடி ஒலிப்பதிவை ஓட விடச் சொன்னேன். இரண்டாவது முறை கேட்டபோதுதான் உறைத்தது. கத்துவது அண்ணன் இல்லை. அண்ணனாக இருந்தால் ளகரம் வந்திருக்கும். அந்தக் கப்பலிலிருந்து எங்களோடு பேசத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அவன் ஏன் போனை எடுக்கவில்லை? அவன் ஏன் ரேடியோவில் பேசவில்லை?

தண்ணீரில் இருப்பது அவன்தான்.

மேலதிகாரி அம்மா தன் அறையிலிருந்து வந்து நின்றிருந்தார். அதிகம் பேசாதவர். நான் உளறியதை முழுக்கக் கேட்டுவிட்டு, "உனக்கு நிச்சயமாத் தெரியுமா?" என்றார்.

"தெரியும் மேடம்."

"உங்க அண்ணன்ங்கறதால சொல்றியா?"

"எங்க அண்ணன்ங்கறதாலதான் மேடம் தெரியும்."

சட்டம் தொண்டையைச் செருமினார். "கப்பல்களை உள்ள கூப்பிட்டு, ஒண்ணுமில்லைன்னு ஆச்சுன்னா அப்புறம் இந்தக் கோட்டை யாரும் மதிக்க மாட்டாங்க மேடம். முதல் நாளே பூட்டை நாமே உடைச்ச மாதிரி ஆயிடும்." அவர் சொன்னதும் நியாயம்தான். அந்த நேரத்தில் அவரைக் கடித்துத் துப்பலாம் போல இருந்தது எனக்கு.

மேடம் என் நாற்காலியில் உட்கார்ந்து தட்டச்சு செய்தார். எல்லாக் கப்பல்களுக்கும் ஒரே வாக்கியம். 'இந்த இடத்தில் ஒருவர் கடலில் விழுந்திருக்கிறார். தேட முடிந்தவர்கள் உள்ளே வரலாம்.' கீழே தன் பெயரைப் போட்டு அனுப்பினார்.

பிறகு திரையைப் பார்த்தபடி நின்றோம். புள்ளிகள் எல்லாம் வெளிப்பக்கமாகவே போய்க்கொண்டிருந்தன. யார் திரும்புவார்கள்? எண்ணெய் செலவு, துறைமுகத்தில் காத்திருக்கும் வியாபாரி, முன்பின் தெரியாத ஒரு ஆள். நான் கப்பல் முதலாளியாக இருந்தால் திரும்பச் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. அண்ணியின் முகம் வந்து வந்து போயிற்று. அவளிடம் நாளைக் காலையில் என்ன சொல்வேன்?

டிங் என்று ஒரு மணி.

அந்த மல்லுக்கு நின்ற நாட்டின் கப்பல்தான் முதலில் உள்ளே வந்தது. பின்னால் இன்னொன்று. இன்னொன்று. மேற்கே வெகுதூரம் போயிருந்த கப்பல்கள்கூடத் திரும்பின. உள்ளே வரும் ஒவ்வொரு புள்ளிக்கும் திரையில் சிவப்பாக 'மீறல்' என்று எழுத்து வரும், மணி அடிக்கும், யாராவது அதை அழித்து 'அனுமதி' என்று போட வேண்டும். சட்டம் அதைச் செய்துகொண்டிருந்தார். மணி அடிக்க அடிக்க ஒவ்வொன்றாக அழுத்தி, "அனுமதி, அனுமதி" என்று வாயாலும் சொன்னார். மணிச் சத்தம் ஒன்றோடு ஒன்று கலந்து, அறையே கோயில் மாதிரி ஆகிவிட்டது.

உள்ளே வந்தவை வரிசை கட்டின. யாரும் கட்டச் சொல்லவில்லை. பக்கத்துப் பக்கத்தில், சீப்பின் பற்கள் போல இடைவெளி விட்டு, கடலை ஓர் ஓரத்திலிருந்து வாரிக்கொண்டே வந்தன. ஒவ்வொரு புள்ளியாகத் தட்டி, எந்த நாட்டுக் கொடி என்று பார்த்தேன். மண்டபத்தில் ஒருவரை ஒருவர் திருடன் என்று திட்டிக்கொண்ட நாடுகளெல்லாம் அந்த ஒரே வரிசையில் இருந்தன. காலையில் கப்பல்கள் வெளியே போனதைப் பார்த்தே வாயைப் பிளந்தவள் நான். இப்போது திரும்பி வந்ததைப் பார்த்தபோது கைகூப்பத்தான் தோன்றியது. கூப்பினேன்.

செய்தி வருவதற்குள் என் உயிர் போய்ப் போய் வந்தது. கடைசியில் அந்த முதல் கப்பலிலிருந்துதான் வந்தது. மேடம் படிக்க ஆரம்பித்து, முடியாமல் என்னிடம் திரையைத் திருப்பினார்.

'ஆயில் கிடைத்துவிட்டார். உயிரோடு இருக்கிறார். மிகவும் நடுங்குகிறார். காலில் வலைக்கயிறு சுற்றி விழுந்தாராம். ஆயில் சூடாகக் குடிக்க ஏதோ கேட்கிறார். கொடுத்துவிட்டோம்.'

அதுதான் அண்ணன் பெயர் என்று நினைத்துவிட்டார்கள்! சட்டம் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தார். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது. மேடம் மட்டும் நிதானமாக, "ஆயிலைப் பத்திரமா அவர் கப்பல்ல சேர்த்துட்டு எல்லாரும் வெளியே போங்க, நன்றி" என்று பதில் போட்டார்.

போனார்கள். மறுபடி ஒவ்வொரு மணியாக அடித்தது. கடைசியாக அண்ணனுடைய புள்ளியும் கோட்டைத் தாண்டியது. மூடிய கடல் திரையில் வெறுமையாக, நீலமாக, யாருடைய கையும் படாமல் கிடந்தது. அதன் அடியில் எங்கோ சூரைகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன.

என் போன் அடித்தது. அண்ணி. அந்த நேரத்தில் அவள் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

"என்னமோ மனசு சரியில்ல. புள்ளி நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு அண்ணி" என்றேன். "கொஞ்சம் நனைஞ்சிருக்கு. அவ்வளவுதான்."