கடேபேயின் காருக்கு எஃப்.சி.

கபுவே நகரத்தில் கசூபா டீச்சர் வீட்டு வாசலில் நிற்கும் வெள்ளைக் கார் அவள் புருஷன் கடேபே ஆசையாக வாங்கியது. வாங்கும்போதே அதற்கு வயசாகிவிட்டிருந்தது. ஆனால் கடேபே மூன்று வருஷமாக நமீபியாவில், வால்விஸ் பே துறைமுகத்தில், மீன் குளிர்கிடங்கு ஒன்றில் வேலை பார்த்துவந்தான். வருஷத்துக்கு ஒரு வாரம்தான் லீவு. போக வர பஸ்ஸிலேயே அந்த வாரம் தீர்ந்துவிடும் என்பதால் அவன் ஒரு தடவைகூட வரவில்லை. கார் ஓட்டக் கசூபா கற்றுக்கொண்டதே அவன் போன பிறகுதான்.

வருஷா வருஷம் எஃப்.சி. எடுக்கும் நாள் நெருங்கினால் மட்டும் கடேபே ஞாயிற்றுக்கிழமை முழுக்க போனிலேயே இருப்பான். அங்கிருந்து அவன் சொல்லச் சொல்ல இங்கே அவள் ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். பக்கத்து வீட்டு ங்கோசா, முன்னாள் பஸ் கண்டக்டர், கூட நிற்பார்.

இந்த வருஷமும் சர்ச் முடிந்து வந்து, பெரிய தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, அவள் பானட்டைத் திறந்தாள்.

"ஸ்டார்ட் பண்ணு. போனை இன்ஜின்கிட்ட வை, பனாமும்பா," என்றான் கடேபே. அவர்கள் மகள் பெயர் மும்பா. மகள் பிறந்த நாளிலிருந்து இவள் அவனுக்கு மும்பாவின் அம்மா, அவன் இவளுக்கு மும்பாவின் அப்பா.

"வச்சிருக்கேன், பஷிமும்பா."

"இன்னும் கிட்ட."

"இதுக்கு மேல கிட்ட வச்சா போன் வெந்துடும்."

அவன் இன்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டான். பிறகு, "பெல்ட் கத்துது. மத்தபடி நல்லா இருக்கா," என்றான், காய்ச்சல்காரியைப் பற்றிச் சொல்வதுபோல.

ங்கோசா காரின் பின்னால் நின்று கத்தினார். "பிரேக் லைட் எரியுது! டீச்சரம்மா, உன் புருஷன் கடலோரமா உக்காந்துக்கிட்டு கபுவேல கார் ஓட்டுறான். இவனுக்கு ரெண்டு ஊர்லயும் சம்பளம் குடுக்கணும்!"

"ங்கோசா அண்ணே, நீங்க பஸ்ல போறப்ப கதவைப் பிடிச்சுத் தொங்கினவர்தானே, லைட்டைப் பத்தி என்ன தெரியும்?" என்று போனுக்குள்ளிருந்து பதில் வந்தது.

வைப்பர், தீயணைப்பான், எச்சரிக்கை முக்கோணம், சிவப்பு ரிஃப்ளெக்டர் பட்டை எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் ஹாரன். அடித்தாள். இன்னொரு தடவை அடிக்கச் சொன்னான். அப்புறம் இன்னொரு தடவை.

"போதுமா? தெருவே எட்டிப் பாக்குது."

"அப்பெல்லாம் கேட்டுக்கு வெளியில நின்னு நான் இதை அடிப்பேன். நீ கையில மாவோட வந்து திறப்பே," என்றான். குரல் உடைந்தது.

ங்கோசா திரும்பி, தன் வீட்டுச் சுவரில் ஏதோ இருப்பதுபோல் அதையே பார்த்தார்.

"ஒண்ணு சொல்லணும்," என்றான் கடேபே. " ஒப்பந்தத்தை இன்னும் ரெண்டு வருஷம் நீட்டியிருக்காங்க. நான் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"போட்டுட்டு சொல்றீங்க."

"இங்க வந்தா வேற வேலை இருக்கா, சொல்லு? வண்டியை வித்துடு. எத்தனை வருஷம் அதுவும் நிக்கும்?"

கசூபா சாவியைத் திருப்பினாள். இன்ஜின் நின்றது.

"ஏன் அணைச்சே?"

"பெட்ரோல் சும்மா வருதா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். பிறகு உள்ளே போய்ச் சோள மாவைக் களியாகக் கிண்டினாள். மும்பா தட்டில் வைத்ததைச் சாப்பிட்டாள். இவள் தன் தட்டைத் தொடவில்லை.

ஆனாலும் வியாழக்கிழமை காரை எடுத்துக்கொண்டு டெஸ்டுக்குப் போனாள். ஆய்வாளர் இளைஞர், மரியாதையானவர். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஏற்றத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுக்கச் சொன்னார். அவள் இழுத்தாள். கார் மெதுவாகப் பின்னால் உருண்டது.

"நிக்க மாட்டேங்குதே, மேடம். சரி பண்ணிக்கிட்டு வாங்க."

அன்று சாயங்காலம் ங்கோசா காருக்கடியில் படுத்துக்கொண்டு புதுக் கேபிள் மாட்டினார். "விக்கப்போற வண்டிக்கு எதுக்கும்மா புதுசு?"

"வித்தாத்தானே?"

"புருஷன் சொன்னானே?"

"அவர் சொன்னார். அவர் ஏக்கம் அவருக்கு, என் ஏக்கம் எனக்கு. நான் என்ன பண்ணணும்னு யாரும் கேக்கலையே, அண்ணே."

கீழேயிருந்து ஸ்பானர் சத்தம் மட்டும் வந்தது.

மறுபடி போனபோது கார் ஏற்றத்தில் அசையாமல் நின்றது. ஆய்வாளர் புது எஃப்.சி. ஸ்டிக்கரைக் கண்ணாடியில் ஒட்டினார். கசூபா ஆபீஸ் வாசலிலேயே, காருக்குள் உட்கார்ந்து, கடேபேயைக் கூப்பிட்டாள்.

"பாஸாயிடுச்சு. உங்க லீவு ஏப்ரல்ல போடுங்க. எனக்கும் பள்ளிக்கூடம் லீவு."

"ஒரு வாரத்துல கபுவே வந்தா கேட்டைத் தொட்டுட்டுத் திரும்ப வேண்டியதுதான், பனாமும்பா."

"கபுவேக்கு யார் வரச் சொன்னா? செஷேகே வரைக்கும் வாங்க. எல்லைப் பாலத்தைத் தாண்டினா போதும். நான் வண்டியில வர்றேன்."

"அவ்வளவு தூரமா? அந்தக் கார்லயா?"

"இது ரோட்ல ஓடலாம்னு கவர்மெண்டே ஒட்டிக் குடுத்திருக்கு. நீங்கதான் நம்ப மாட்டேங்கிறீங்க."

அந்தப் பக்கம் சிரிப்பு மாதிரி ஏதோ கேட்டது. சிரித்தானா என்பது அவளுக்கே நிச்சயமில்லை.

ஏப்ரலில் வறுத்த வேர்க்கடலை, அவித்த முட்டை, ஒரு கேன் தண்ணீர் எல்லாம் ஏற்றிக்கொண்டு தாயும் மகளும் கிளம்பினார்கள். வழியில் லிவிங்ஸ்டனில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தூங்கி எழுந்து, மறுநாள் பிற்பகல் செஷேகே போய்ச் சேர்ந்தார்கள். ரோட்டின் பள்ளங்களில் குலுங்கிப் பின் கதவு ஒன்று சிக்கிக்கொண்டதைத் தவிர வண்டிக்கு ஒன்றுமில்லை.

கடேபே பாலத்தருகே ஒரு பையோடு நின்றிருந்தான். மெலிந்திருந்தான். மும்பாவைத் தூக்கப் பார்த்தான், முடியவில்லை. அவள் அவ்வளவு வளர்ந்துவிட்டாள். பிறகு காரின் சூடான பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, அப்படியே குனிந்து நின்றான். மனைவியின் முகத்தைப் பார்க்க அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது. அவள் காத்திருந்தாள்.

இருந்த நாட்களில் அவன்தான் ஓட்டினான். ஆற்றோரம் போனார்கள். சந்தைக்குப் போய் மீன் வாங்கினார்கள். அவன் மீன் வேண்டாம் என்றான், எல்லோரும் சிரித்தார்கள். போக இடமில்லாதபோதும் சும்மா ஓட்டினான். கசூபா பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்காமல் அவனையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கடைசி நாள் பாலத்தருகே இறங்கிப் பையை எடுத்துக்கொண்டான். "வித்துடாதே," என்றான்.

"விக்கச் சொன்னது நானா?"

அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பாலத்தில் நடந்து மறைந்தான்.

கசூபா ஸ்டியரிங் முன்னால் போய் உட்கார்ந்தாள். கிளட்ச் காலுக்கு எட்டவில்லை. நீளக் கால்காரன், சீட்டைப் பின்னால் தள்ளிவைத்திருந்தான்.

"அம்மா, சீட்டை முன்னாடி இழுத்துக்கோ," என்றாள் மும்பா.

"இழுத்துக்கலாம்டி," என்றாள் கசூபா. சீட்டின் நுனிக்கு நகர்ந்து, காலை எட்டி வைத்து, பெட்ரோல் பங்க் வரைக்கும் அப்படியே ஓட்டினாள்.