ஏழாவதாக இறங்கிய கிளின்ரன்

கிளின்ரன் நியூசிலாந்திலிருந்து போன் எடுத்தபோது பிரியந்தன் வெள்ளவத்தை மார்க்கெட்டில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தான். நாளைய மெட்சில் தனக்கு இடம் கிடைத்துவிட்டது என்றான் கிளின்ரன். இலங்கை அணிக்கு அவன் விளையாடப்போகும் முதல் ஆட்டம். பிரியந்தன் போட்ட சத்தத்தில் மீன்காரர் கத்தியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"ஓப்பனிங்தானே?"



"ஏழாவது, மச்சான்."

"ஏழாவதோ? நீ ஒண்டும் சொல்லேல்லையா?"

"முதல் மெட்ச். கோச் கேக்கேக்க நான் என்னத்தைச் சொல்றது? நீ நாளைக்கு வீட்ட போய் அம்மாவோட இரு. அவவுக்குக் கிரிக்கெட் ஒண்டும் விளங்காது."

பள்ளிக்கூட அணியில் இருவரும் சேர்ந்துதான் ஆட்டத்தை ஆரம்பிப்பார்கள். பிரியந்தன் பிறகு வங்கி வேலைக்குப் போய்விட்டான். கிளின்ரன் மட்டையைக் கீழே வைக்கவேயில்லை. புதுப்பந்து வளைந்து வரும்போது அதைக் கண்ணுக்குக் கீழே வரவிட்டு, கடைசி நொடியில் மெல்லத் தொடுவான். எதிர்முனையில் நின்று அதைப் பார்த்தவன் பிரியந்தன். தூக்கி அடிப்பது மட்டும் கிளின்ரனுக்கு ஒருநாளும் கைவரவில்லை. ஏழாவதாக வருகிறவனுக்கோ அது ஒன்றுதான் வேலை. துடுப்பாட்ட வரிசையை மாற்றும் அதிகாரம் யாரோ சிலருடைய கையில் இருந்தது. மீன்பையோடு வீடு போனவன் மனைவி மேனுகாவிடம் அதைச் சொல்லிச் சொல்லிப் புலம்பினான்.

ஞாயிறு காலை கொட்டாஞ்சேனையில் கிளின்ரனின் அம்மா வீட்டுக்குப் போனான். பிறிஜெற் அன்ரி முதல் பூசைக்குப் போய் வந்த சேலையோடேயே டீவிக்கு முன்னால் இருந்தார். ஒழுங்கையில் குடியிருந்த பாதிப் பேர் முன்னறையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். இலங்கை இலக்கைத் துரத்தத் தொடங்கியிருந்தது. பந்து பாம்பாக வளைந்தது. வெளியே போகும் என்று ஆரம்ப வீரன் விட்ட பந்து உள்ளே திரும்பி விக்கெட்டைச் சாய்த்தது. அடுத்தவன் விளிம்பில் தட்டிப் பிடி கொடுத்தான். மூன்றாமவனும் அப்படியே.

"இப்ப இவனா?" ஒவ்வொரு விக்கெட்டுக்கும் அன்ரி கேட்டார்.

"இன்னும் இல்லை, அன்ரி."

"ஏன் எங்கட பிள்ளையைப் பின்னுக்கு விட்டிருக்கினம்?"

பிரியந்தன் டீவியின் சத்தத்தைக் கூட்டினான்.

பிறகு இரண்டு பேர் நிலைத்து நின்றார்கள். விக்கெட் விழவில்லை, ஓட்டமும் ஏறவில்லை. இலக்கு தள்ளித் தள்ளிப் போனது. அன்ரியின் விரலிடுக்கில் ஜெபமாலை நகர்ந்துகொண்டே இருந்தது.

"இவங்கள் அவுட் ஆனாத்தானே தம்பி இவன் வருவான்?"

"ஓம் அன்ரி."

ஒருவன் ஆட்டமிழந்தான். சற்று நேரத்தில் மற்றவனும் ரன் அவுட் ஆக, அறை முழுக்க "ஐயோ" என்றது. அன்ரியின் வாயிலிருந்து மட்டும் "அப்பாடா" வந்துவிட்டது. எல்லாரும் திரும்பிப் பார்க்க, வாயைப் பொத்திக்கொண்டு சிலுவை போட்டார்.

கிளின்ரன் படியிறங்கி வந்தான். ஒழுங்கையில் யாரோ வெடி கொளுத்தினார்கள். ஓவருக்குப் பத்துக்கு மேல் தேவைப்பட்ட நேரம். முதல் பந்து நல்ல பந்து. அதைக் கண்ணுக்குக் கீழே வரவிட்டு அழகாகத் தடுத்தான்.

"தட்டிக்கொண்டு நிக்கிறான்! அடிடா!" பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

இரண்டாவதையும் தடுத்தான். ஒன்றைத் தட்டிவிட்டு ஓடினான். மறுபடி அவன் முறை வந்தபோது மட்டையைப் பிடித்திருந்த விதம் மாறியிருந்தது. 'வேண்டாம்டா' என்று பிரியந்தன் வாய்க்குள் சொன்னான். கிளின்ரன் கண்ணை மூடிக்கொண்டு வீசியதுபோல் வீசினான். பந்து உயரப் போய், எல்லைக்கு முன்னால் நின்றவனின் கையில் இறங்கியது.

ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். அன்ரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் நல்லா விளையாடினவனா, தம்பி?"

"முதல் பந்தை நல்லா விளையாடினவன், அன்ரி."

"அப்ப ஏன் போறான்?"

அன்ரி எழுந்து குசினிக்குள் போனார். தண்ணீர்க்குழாயைத் திறந்துவிட்ட சத்தம் நெடுநேரம் கேட்டது. பின்னேரம் கிளின்ரனிடமிருந்து மெசேஜ் வந்தது. 'அம்மா அழுதவாவா?' இல்லை என்று பிரியந்தன் பதில் அனுப்பினான்.

அடுத்த மெட்சில் கிளின்ரனின் பெயர் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை.

அந்த மூன்றாவது மெட்ச் நடந்த நாளில் கிராண்ட்பாஸில் வங்கிக்குப் பக்கத்திலுள்ள மஹ்ரூப் நானாவின் கடையில் பிரியந்தன் சாப்பிட உட்கார்ந்திருந்தான். சுவரில் டீவி ஓடியது.

"அந்த ஏழாவது வந்த நம்மட பையன் சரிவரல்ல தம்பி," என்றார் நானா, ரொட்டியை வைத்தபடி. "தமிழ்ப் பையன் ஒருத்தன் வந்திருக்கானேன்டு எவ்வளவு ஆசையாப் பாத்தம்."

"அவன் ஓப்பனர், நானா."

"அப்படியா?" நானா உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "அப்ப ஓப்பனராவே எறங்கி இருக்கலாமே. ஏன் எறங்கல்ல?"

"முதல் மெட்ச், நானா. கோச் சொன்னா இறங்கத்தானே வேணும்," என்றான் பிரியந்தன். நானா அடுத்த மேசைக்குச் சம்பல் கொண்டுபோனார்.