இரண்டு பேர் கழற்றும் கதவு

கிளரன்ஸ் செத்து நாலு மாதமாகிறது. நான் இன்னும் அழவில்லை. செத்தவீட்டிலும் அழவில்லை, சேமக்காலையிலும் அழவில்லை. பெட்டியை இறக்கும்போதுகூட, கால் வலிக்கிறதே, எப்போது உட்காரலாம் என்றுதான் யோசித்தேன்.

"பியாட்றிஸ், உனக்கென்ன கல்லோ நெஞ்சு? நாப்பது வருஷம் குடும்பம் நடத்தினனி" என்று அவருடைய அக்கா சிசிலியா எல்லோருக்கும் முன்னால் கேட்டாள். விசர்க் கதை கதைக்கிறாள் கிழவி என்று மனத்துக்குள் திட்டினேன். அந்தக் கோபமும் அரை நிமிடம்தான். கேள்வி மட்டும் போகவில்லை. அந்த மனுசன்மேல் எனக்கு ஒன்றுமே இருக்கவில்லையோ? பாத்திரம் கழுவும்போதும் இதே பயம்தான்.

செவ்வாய்க்கிழமை காலை கேற்றடியில் மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. தெல்லிப்பழையிலிருந்து, மரச்சாமான்களுக்குப் பொலிஷ் போடுகிற கோபிசங்கர்.

"ஐயா நிக்கிறாரோ? அலுமாரி வேலைக்கு இண்டைக்குத்தான் திகதி தந்தனான்."

நல்ல பொலிஷ்காரரிடம் திகதி எடுக்க மாதக்கணக்காகும். கிளரன்ஸ் எடுத்து வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். வரவேண்டாம் என்று மறிக்க எனக்கு நினைவு வரவில்லை.

"ஐயா மோசம் போயிட்டார், தம்பி."

"ஐயோ! எப்பயம்மா?"

"மாசியிலை. வந்தனீர், உள்ளை வாரும். வேலையைத் தொடங்கும்."

எனக்குப் பதிலாக அவர் முகம் வாடியது.

அலுமாரி என்றால், நீளமான, உயரம் குறைந்த தேக்குச் சைட்போர்ட். நாங்கள் டென்மார்க்கில் இருந்தபோது ஒரு பழைய சாமான் கடையில் கிளரன்ஸ் கண்டெடுத்தது. ஊருக்குத் திரும்பும்போது என் தையல் மெஷினை விட்டுவிட்டு இதைக் கப்பலில் ஏற்றினார். எனக்கு வந்த ஆத்திரம்! இரண்டு கதவுகள், பக்கவாட்டில் தள்ளித் திறக்கிறவை. பிணைச்சல் இல்லை, ஆணி இல்லை. கோபிசங்கர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"மேல் பலகையைக் கிளப்பாமல் இது கழராதம்மா" என்று உளியை எடுத்தார்.

"உளியைக் கீழை வையும்! கதவு ஓடுற மேல் தவாளிப்பு ஆழம். கதவை நேரை மேலை தூக்கினால் கீழ்ப்பக்கம் விடுபடும். பிறகு அதை வெளியாலை இழுக்கிறது. முன்கதவுதான் முதல்."

"அம்மாவுக்கு வேலை தெரியுது."

"எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. அவர் கழட்டேக்கை நான் கீழை பிடிக்கிறனான், அவ்வளவுதான்."

தனியாள் கழற்றினால் கதவு கோணி இறுகிவிடும். அதனால் மேலே அவர், கீழே நான். ஏழெட்டுத் தடவை செய்திருப்போம். அடுப்பில் கறி கிடக்கிறது, உங்களுக்கு வேறு வேலையில்லையா என்று பொரிந்து தள்ளிக்கொண்டுதான் ஒவ்வொரு முறையும் குந்துவேன்.

இன்றைக்குச் சத்தமில்லாமல் குந்தினேன். கோபிசங்கர் இரண்டு கையாலும் கதவை மேலே தூக்கினார். அடியில் இடைவெளி தெரிந்தது. விரல்களைக் கொடுத்தேன். இழுக்கவில்லை. எதற்கோ காத்துக்கொண்டிருந்தேன். எதற்கென்று எனக்கே தெரியவில்லை. அவர் கை சற்றுத் தளர, கதவு என் விரல்மேல் இறங்கியது.

பதறிப்போய் மறுபடி தூக்கினார். "என்னம்மா! ஏன் இழுக்கேல்லை?"

"நீர் சொல்லேல்லையே!" என்று கத்தினேன்.

"என்னத்தையம்மா சொல்லுறது?"

கேட்டால் சொல்லத்தானே வேண்டும். "அவர் சொல்லுவார். தூக்கின உடனை சொல்லுவார், 'பியா, விரல் கவனம், இப்ப இழு' எண்டு."

பியா என்று என்னைக் கூப்பிட்டது அவர் ஒருவர்தான். என் அம்மாகூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

நசிந்த விரலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டேன். "இனி ஆர் என்னை அப்பிடிக் கூப்பிடுறது? சொல்லும் தம்பி, ஆர்?" என்று அந்த அந்நிய மனுசனிடம் கேட்டுக் கேட்டு அழுதேன். வாய்விட்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி அழுதேன்.

கையை விட்டால் கதவு விழும். நான் அழுது முடியும்வரை கோபிசங்கர் அதைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார்.